யாழ் நகரமா, தீவகமா? குடியேற நினைப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டில் ஓய்வுபெற்றுத் திரும்புவோர், கொழும்பில் இருந்து அம்மா அப்பாவோடு சேர்ந்திருக்க வருவோர், இடமாற்றத்தில் வரும் ஆசிரியர்கள், பாட்டன் வீட்டுக் கிணற்றை நினைத்துக்கொண்டிருக்கும் பேரப்பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான். அவற்றை கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கடற்காட்சி, அமைதி, நல்ல மீன் எல்லாம் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஆள் நிறைய. இங்கே பேசப்போவது தண்ணீர், படகு, காணி உறுதி, கறள் (துரு) ஆகியவற்றைப் பற்றி.

தீவகம் எண்டா எது எது? எல்லாத்துக்கும் போட்டிலதான் போகோணுமோ?

இல்லை. முதலில் தெளிவாக வேண்டியது இதுதான். வேலணை, ஊர்காவற்றுறை, மண்டைதீவு, அல்லைப்பிட்டி, புங்குடுதீவு எல்லாம் தரைவழியே போகக்கூடியவை. யாழ் நகரின் பண்ணைப் பாலத்தால் வெளிக்கிட்டால் அல்லைப்பிட்டி, வேலணை தாண்டி, கடலுக்கு நடுவே போடப்பட்ட தாம்போதியால் புங்குடுதீவுக்குப் போய்ச் சேரலாம். காரைநகருக்குப் பொன்னாலைப் பக்கத்துத் தாம்போதி இருக்கிறது. காரைநகரில் இருந்து ஊர்காவற்றுறைக்கு நேரே கடக்க "பாதை" என்று சொல்லும் மிதவை உண்டு. கடல் தூரம் கொஞ்சம்தான், ஆனால் அது ஓடாத நாளில் யாழ்ப்பாணம் போய்ச் சுற்றிவர வேண்டும்.

படகில் மட்டும் போகக்கூடியவை நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. முதல் இரண்டுக்கும் புங்குடுதீவின் மேற்கு முனையில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏற வேண்டும். அடுத்த இரண்டுக்கும் ஊர்காவற்றுறையில் ஏற வேண்டும். ஆக, "நகரமா தீவா" என்று கேட்டால் பாதிக் கேள்விதான். நகரமா, ரோட்டுத் தீவா, படகுத் தீவா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால்தான் பதில் வரும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்றையும் வைத்தே எழுதப்பட்டவை.

டவுனில இருந்தா அப்பிடி என்ன வசதி கூட?

போதனா வைத்தியசாலை, பெரிய பாடசாலைகள், பல்கலைக்கழகம், பஸ் நிலையம், புகையிரத நிலையம் எல்லாம் சில கிலோமீட்டருக்குள். கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பிறகு, இரவு ஏறி விடியக் கொழும்பில் இறங்குவது பழையபடி சாதாரண விஷயமாகிவிட்டது. பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமானது. சென்னைக்குப் பறக்க அது போதும். காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலும் 2023இல் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் மறுபடி தொடங்கியது.

இதில் எது உங்களுக்கு உண்மையில் வேண்டும் என்பதை யோசியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை விமானம் ஏறுபவருக்கு விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் பெரிய நன்மை இல்லை. மாதம் இரண்டு முறை கிளினிக் போகிறவருக்கு வைத்தியசாலை பக்கத்தில் இருப்பதுதான் வாழ்க்கை.

போக வர எவ்வளவு நேரம் எடுக்கும்? கூகிள் மப்பில கிட்டத்தானே காட்டுது?

யாழ் பஸ் நிலையத்தில் இருந்து குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சொந்த வாகனத்தில் முக்கால் மணி, பஸ்ஸில் ஒரு மணிநேரம் அல்லது அதற்குச் சற்று மேல். அங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம். கூட்டிப் பார்த்தால் நெடுந்தீவு இரண்டு மணிநேரத்தில் வருகிறது, ஆனால் அந்தக் கணக்கு ஒருநாளும் சரிவராது. நயினாதீவுக்குக் கோவிலும் விகாரையும் இருப்பதால் பகலில் அடிக்கடி படகு கிடைக்கும். நெடுந்தீவுக்கு நாளுக்குச் சில சேவைகள்தான், அவற்றின் நேரமும் மாறும். போகும் நாளுக்கு முதல்நாள் இறங்குதுறையிலோ நெடுந்தீவு பிரதேச செயலகத்திலோ கேட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

முக்கியமானது பயண நேரம் அல்ல, கடைசிப் படகு. பின்னேரம் கடைசிப் படகு போனபிறகு, நகரத்தில் வேலை முடியவில்லை என்றால் அன்றிரவு நகரத்தில் தங்க ஓரிடம் வேண்டும். படகுத் தீவில் குடியேறுகிறவர் நகரத்தில் ஒரு பாயும் தலையணையும் போட இடமுள்ள உறவினர் வீடு ஒன்றை முதலே பேசி வைத்திருக்க வேண்டும். விமானம் என்றால் முதல்நாளே வந்துவிட வேண்டும்.

காத்துக் காலத்தில போட் ஓடாதாமே, உண்மையோ?

சில நாட்களில் ஓடாது. ஏறத்தாழ மே தொடக்கம் செப்ரெம்பர் வரை சோழகக் காற்று. அப்போது கடல் கொந்தளிக்கும், பயணம் நனையும், வயிறு குழம்பும். ஆனாலும் பெரும்பாலான நாட்களில் சேவை நடக்கும். ஒக்ரோபர் முதல் சனவரி வரை வாடை. அந்தக் காலத்தில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் படகுகள் தொடர்ந்து சில நாட்கள் நிறுத்தப்படலாம். 2008 நவம்பரில் வந்த நிஷா புயல், 2024 நவம்பரின் ஃபெங்கல் போன்ற நாட்களில் நகரமே வெள்ளத்தில் நிற்கும்போது படகைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இதற்கான ஆயத்தம் எளிது. ஐப்பசி பிறக்கும்போது பத்து நாளுக்கான அரிசி, மா, பருப்பு, பால்மா, எரிவாயு அல்லது விறகு. ஒரு மாதத்துக்கான மருந்து. கையில் கொஞ்சம் பணம். தானியங்கி இயந்திரத்தில் பணம் முடிந்தால் அதை நிரப்ப வருவதும் படகில்தான் வர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கிணத்துத் தண்ணி உவரெண்டு சொல்லினம். எங்கட காணிக் கிணறு நல்லாத்தான் இருந்தது எண்டு அப்பு சொல்லுவார். எதை நம்புறது?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். தீவுகளின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளால் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டத்தை ஓரடி இறைத்துக் குறைத்தால் அடியில் இருந்து உப்பு 40 அடி ஏறத் தொடங்கும். அப்பு காலத்தில் துலாவால் அள்ளினார்கள், கிணறு இரவெல்லாம் ஆறியது. இப்போது ஒரு குதிரைவலு மோட்டரை வைத்து அரை மணியில் தொட்டி நிரப்பினால் அதே கிணறு இரண்டு வருடத்தில் உவர்த்துவிடும். பிறகு நல்ல மழை பெய்தாலும் அது திரும்ப நாளெடுக்கும்.

ஆகவே கிணற்றை மார்கழியில் சுவைத்துப் பார்த்துக் காணி வாங்காதீர்கள். அப்போது எல்லாக் கிணறும் இனிக்கும். ஆவணி, புரட்டாதியில், மழைக்கு முன் போங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் சிறிய டி.டி.எஸ். மீற்றர் ஒன்று கொண்டுபோய் விடிய, யாரும் அள்ளமுன், ஒருமுறை அளவுங்கள். பிறகு அரை மணிநேரம் இறைத்துவிட்டு மறுபடி அளவுங்கள். இலங்கைக் குடிநீர்த் தரம் லீற்றருக்கு 500 மில்லிகிராம். 1,000 தாண்டினால் குடிக்க முடியாத சுவை. முதல் அளவு 600, இரண்டாவது 1,100 என்று ஏறினால் படலம் மெல்லியது என்று அர்த்தம். அந்தக் கிணறு வாளிக்குத்தான், மோட்டருக்கு அல்ல. மோட்டர் வைத்தே ஆகவேண்டும் என்றால் அரைக் குதிரைவலுவுக்கு மேல் வேண்டாம். உறிஞ்சு குழாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் விட்டு, காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் என்று பிரித்து இறையுங்கள்.

ஒரே தீவுக்குள்ளும் இடத்துக்கு இடம் வித்தியாசம் பெரிது. வேலணையில் சாட்டிப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் நல்ல தண்ணீர் உண்டு. நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகள் பெயர்பெற்றவை. இருநூறு யார் தள்ளிப் போனால் கதை வேறாகலாம். பக்கத்து வளவுக்காரர் எங்கே குடிதண்ணீர் அள்ளுகிறார் என்று பார்ப்பது மீற்றரை விட நல்ல சோதனை.

மழைத்தண்ணி பிடிச்சு வைச்சுச் சமாளிக்கலாமோ?

குடிக்கவும் சமைக்கவும் தாராளமாக. குளிக்கவும் தோட்டத்துக்கும் அல்ல. யாழ் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரைதான். 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் பெய்தால் 100 லீற்றர். சிதறுவதைக் கழித்து நூற்றுக்கு எண்பது பிடிபட்டாலும் ஆண்டுக்கு 96,000 லீற்றர் வருகிறது.

நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 7 லீற்றர் என்றால் நாளுக்கு 28. மாசியில் இருந்து புரட்டாதி முடிய 240 நாள், 6,720 லீற்றர். விருந்தாளி, பிந்திய மழை எல்லாம் சேர்த்து 10,000 லீற்றர் தொட்டி போதும். கார்த்திகையில் 100 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு நாளே அந்தத் தொட்டியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பிவிடும்.

பிழைப்பது எங்கே என்றால் முதல் மழையில். எட்டு மாதத் தூசு, காக்கை எச்சம், உப்புப் படிவு எல்லாம் அதில்தான் வரும். பருவத்தின் முதல் இரண்டு மழையைத் தொட்டிக்கு விடவே கூடாது. அதன்பிறகும் ஒவ்வொரு மழையின் முதல் 100, 200 லீற்றரை ஒதுக்கிவிடும் குழாய் ஒன்று வைக்க வேண்டும். தொட்டிக்கு வெளிச்சம் புகக் கூடாது, வாய்க்கு நுளம்பு வலை வேண்டும். வெடித்த பழைய அஸ்பெஸ்டஸ் கூரையில் பிடித்துக் குடிக்க வேண்டாம். ஓடு அல்லது அலுமினியத் துத்தநாகத் தகடு நல்லது. எதுவானாலும் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

அப்ப டவுனில தண்ணிப் பிரச்சினை இல்லைத்தானே?

உப்புக் குறைவு, அழுக்குக் கூட. நகரத்தில் மூன்று நான்கு பரப்புக் காணிக்குள்ளேயே வீடு, கிணறு, மலக்குழி எல்லாம். சுண்ணக்கல் வெடிப்பால் மலக்குழி நீர் கிணற்றுக்குப் போக நாள் பிடிக்காது. தோட்டக் காணிகள் சூழ்ந்த வலிகாமப் பகுதிகளில் உரத்தால் நைத்திரேற்றுப் பிரச்சினை. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கவே கூடாது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது, இன்னும் செறியும்.

மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் நாளுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. குழாய் நீர் வரும் ஒழுங்கையா என்று பார்த்து நகர வீட்டை எடுங்கள். வராத இடமென்றால் கிணற்றுக்கும் அயல்வீட்டு மலக்குழிக்கும் இடையே குறைந்தது 50 அடியாவது இருக்கிறதா என்று நடந்து அளவுங்கள். உங்கள் மலக்குழியை மட்டும் பார்த்து நிற்காதீர்கள்.

கரண்ட் எப்பிடி?

ரோட்டுத் தீவுகளுக்குத் தேசிய மின்கட்டமைப்பு. படகுத் தீவுகளில் மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே காலம் போனது. எழுவைதீவுக்குச் சூரியசக்தி, காற்று, டீசல் கலந்த அமைப்பு முதலில் வந்தது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றுக்கும் அதே வகை அமைப்புக்கு இந்திய நன்கொடையில் 2022இல் உடன்படிக்கையும் 2024இல் ஒப்பந்தமும் கைச்சாத்தாயின.

வீட்டுக்குச் சொந்தமாகச் சூரியத் தகடு வைப்பவர்கள் தகட்டின் விலையைப் பேசுகிறார்கள், பூட்டும் ஆணியை மறக்கிறார்கள். சாதாரண நாகம் பூசிய பூட்டுகள் கடற்காற்றில் சில வருடத்திலேயே கறள் பிடிக்கும். 316 தரத் துருவுறா உருக்கு ஆணி, அலுமினியச் சட்டம் என்று எழுதிக் கேளுங்கள். மாதம் ஒருமுறை தகட்டின் உப்பை மழைத்தண்ணீரால் கழுவ வேண்டும், கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் கழுவினதாகாது.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு, இருதய வருத்தம், சீனியும் இருக்கு. ஊரிலதான் இருக்கோணும் எண்டு நிக்கிறார். என்ன செய்யலாம்?

அவருடைய ஊர் எது என்பதில் இருக்கிறது. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வீடு வரை வரும். ஒரு மணிநேரத்துக்குள் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகக்கூடிய சாத்தியம் உண்டு. மாரடைப்புக்கு முதல் ஒருசில மணிநேரமும், பக்கவாதத்தில் இரத்தக்கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணிநேரமும்தான் காலம். படகுத் தீவில் பகலில் இது இறுக்கமாகச் சரிவரலாம். இரவில், வாடையில், கடற்படைப் படகையோ நோயாளர் படகையோ ஒழுங்குசெய்து, குறிகட்டுவானில் அம்புலன்ஸ் காத்திருந்து என்று ஒவ்வொரு கையாக மாறவேண்டும். நெடுந்தீவில் வைத்தியசாலை இருக்கிறது, முதலுதவிக்கும் காய்ச்சலுக்கும் அது பெரிய உதவி. இருதயச் சிகிச்சைக்கு அல்ல.

எங்கள் எண்ணத்தை மறைக்காமல் சொன்னால்: ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர், கிழமைக்கு இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர், கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் இருப்பவர் ஆகியோர் படகுத் தீவில் இருக்கக் கூடாது. பிரசவத்துக்கு 36ஆம் கிழமையோடு நகரத்துக்கு வந்துவிடுவது தீவு மக்களே பின்பற்றும் வழக்கம். சீனி, அழுத்தம் மட்டும் என்றால் அங்கேயே இருக்கலாம். இன்சுலின் போடுபவர் என்றால் திறக்காத குப்பி 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்க வேண்டும். திறந்தது 30 பாகைக்குக் கீழே ஏறத்தாழ நாலு கிழமை தாங்கும். சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 30 தாண்டும் என்பதால், குளிர்சாதனப்பெட்டி நின்றுபோகும் நாளுக்கு ஈரமண் பானை ஒன்று வைத்திருங்கள். பாம்பு கடித்தால் எந்தத் தீவென்றாலும் விஷக்கடிக்குப் பார்வை பார்ப்பவரிடம் போய் நேரம் போக்காமல் கிட்டிய அரச வைத்தியசாலைக்கு. இந்த வறண்ட நிலத்தில் சுருட்டை விரியன் சாதாரணம்.

பிள்ளையளின்ட படிப்பு?

சாதாரண தரம் வரை தீவகப் பாடசாலைகளில் படித்து நன்றாக வந்தவர்கள் ஏராளம். வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அறிவார். சிக்கல் உயர்தரத்தில், அதிலும் கணித, விஞ்ஞானப் பிரிவில். பாட ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்த இடம் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கலாம். ரியூசன் இல்லை. அதனால் பத்தாம் வகுப்போடு நகரத்துக்குப் போவது பழக்கமாகிவிட்டது.

முடிவெடுக்கமுன் வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கவேண்டிய கேள்வி "நல்ல பாடசாலையா" என்பதல்ல. "இந்த வருடம் பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா" என்பது.

கஷ்டப் பிரதேசப் பள்ளிக்கூடத்தில படிச்சா கம்பஸுக்குக் குறைஞ்ச புள்ளியில எடுபடலாம்தானே?

இதை நம்பிப் பிள்ளையைத் தீவுக்கு மாற்ற நினைப்பவர்கள் உண்டு. பல்கலைக்கழக அனுமதியின் ஒதுக்கீடு மாவட்ட அடிப்படையில் நடக்கிறது. நெடுந்தீவும் யாழ்ப்பாண மாவட்டம், யாழ் நகரும் யாழ்ப்பாண மாவட்டம். வெட்டுப்புள்ளி ஒன்றுதான். கஷ்டப் பிரதேசம் என்ற வகைப்படுத்தல் ஆசிரியருக்கான கொடுப்பனவு, இடமாற்றம் போன்றவற்றுக்கு உதவும், பிள்ளையின் புள்ளிக்கு அல்ல.

வீட்டில இருந்து ஒன்லைனில வேலை செய்யிறன். அங்க நெற் கிடைக்குமோ?

கிடைக்கும், ஆனால் வளவுக்கு வளவு மாறும். இரண்டு வேறு நிறுவனத்துச் சிம்களைக் கொண்டுபோய், நீங்கள் மேசை போடப்போகும் அறைக்குள் இருந்து, இரவு எட்டு மணிக்கு வேகத்தைப் பாருங்கள். முற்றத்தில் பகலில் பார்ப்பது கணக்கில்லை. தடித்த கல்வீட்டுச் சுவர் சமிக்ஞையை நன்றாகவே குடிக்கும். 2025 ஜூலை முதல் இலங்கையில் ஸ்டார்லிங்க் சேவையும் இருக்கிறது, செலவு கூட.

எனக்குக் கனடாப் பாஸ்போட். காணி வாங்கலாமோ?

இலங்கைக் குடியுரிமையை இழந்திருந்தால் வாங்க முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடைசெய்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. இறந்த நெருங்கிய உறவினரின் காணி மரபுரிமையாக வருவதற்கும் விலக்கு இருக்கிறது. நகரத்தில் கூட்டு ஆதன மாடிவீடு என்றால் நாலாம் மாடியும் அதற்கு மேலும் வெளிநாட்டவர் வாங்கலாம். தீவில் அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லத் தேவையில்லை.

உறவினர் பெயரில் வாங்கி வைக்கலாம் என்று சொல்வோர் எப்போதும் இருப்பர். அந்த உறவினர் இறந்தால் காணி அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். உங்களுக்கு அல்ல. முதலில் இரட்டைக் குடியுரிமை, பிறகு காணி.

பாட்டன்ர காணி இருக்கு. பங்காளியள் பன்ரண்டு பேர், ஏழு பேர் வெளியில. நான் போய் வீட்டைக் கட்டினாச் சரிதானே?

கட்டலாம். அது உங்கள் வீடாகாது. பிரிக்கப்படாத காணியின் ஒவ்வோர் அங்குலத்திலும் பன்னிரண்டு பேருக்கும் பங்குண்டு. பத்து வருடம் இருந்தால் ஆட்சியுரிமை வந்துவிடும் என்பது அந்நியருக்கு எதிராகப் பேசும் கதை. கூட்டுப் பங்காளிக்கு எதிராக, அவரை வெளியேற்றியதற்கு ஒப்பான செயலை நிரூபித்தாக வேண்டும். பேசாமல் குடியிருந்தது போதாது.

வழிகள் இரண்டு. எல்லாரும் இணங்கினால் நில அளவையாளரைக் கொண்டு அளந்து, நொத்தாரிசு முன் பங்கீட்டு உறுதி எழுதலாம். வெளியில் இருப்பவர்கள் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (தமக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பினால் போதும். இணங்காவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு, அது வருடக்கணக்கு. பங்கை விற்க நினைத்தாலும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் முன்வாங்கும் உரிமை குறுக்கே நிற்கும். 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி கூட்டுப் பங்காளிகளுக்கு முதலில் அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு எழுதினால், அவர்கள் வழக்குப்போட்டு அந்தக் காணியை எடுக்கலாம். இன்னொன்று: தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் சீதனக் காணியை எழுதினாலும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்தக் கையெழுத்து இல்லாத பழைய உறுதிகள் தீவகத்தில் நிறையக் கிடக்கின்றன. காணிப் பதிவகத்தில் தேடல் போடாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

தீவில வீடு கட்ட டவுனைவிட எவ்வளவு கூட முடியும்?

பொருளின் விலையை விடக் கையாளும் கூலியே ஏற்றும். புங்குடுதீவு வரை லொறி நேரே வளவுக்கு வரும், வித்தியாசம் சிறியது. நெடுந்தீவுக்கு லொறியில் இருந்து இறங்குதுறை, இறங்குதுறையில் இருந்து படகு, படகில் இருந்து மறுகரை, அங்கிருந்து உழவு இயந்திரம் என்று ஒவ்வொரு கல்லையும் நாலு முறை தூக்க வேண்டும். ஒவ்வொரு தூக்கலிலும் கொஞ்சம் உடையும். அதனால் கல்லைக் கொண்டுபோவதை விடச் சீமெந்தைக் கொண்டுபோய் அங்கேயே கல் அரிவது நல்லது. சீமெந்தை மூன்று கிழமைக்கு வேண்டிய அளவு மட்டும் எடுங்கள். கடற்காற்றில் பை கட்டிபட்டுவிடும். பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள்.

உண்மையான நட்டம் பிறகு வரும். கடல்மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலந்த கொங்கிறீற்றில் கம்பி உள்ளிருந்தே கறள் பிடிக்கும். கறள் பருமனாகி, பத்துப் பதினைந்து வருடத்தில் தட்டு கீழிருந்து பொரிந்து விழும். கொங்கிறீற்றுக்கு மழைத்தண்ணீர் அல்லது பரிசோதித்த நன்னீர் மட்டும். வெளிப்பக்கத் தூண், வளைகளில் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றர் மூடல் வேண்டும். மேசன் வழக்கமாக விடுவது அதில் பாதி. அச்சுப்பலகை கட்டிய அன்று அங்கே நின்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். கலவை இலகுவாக ஓடட்டும் என்று தண்ணீர் ஊற்றும் கையையும் பாருங்கள்.

பழைய நாற்சார் வீடு ஒண்டு நிக்குது. இடிக்கிறதோ, திருத்திறதோ?

சுவர் நேராக நின்றால் திருத்துங்கள். பழைய சுவர்கள் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வெளியே விட்டு மூச்சுவிடும் சுவர் அது. அதன்மேல் சீமெந்து பூசினால் உப்பு உள்ளே அடைபட்டு இரண்டு மூன்று மாரியில் பூச்சு தட்டுத்தட்டாகக் கழரும், கல்லையும் சேர்த்துக்கொண்டு. நீற்றிய சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் பூசுங்கள். வெளிக்கு எமல்சன் வேண்டாம், சுண்ணாம்புத் தண்ணி அடியுங்கள்.

கூரையில் கறுத்த வயிரப் பனைமரம் என்றால் அது உங்களை விடக் காலம் இருக்கும். சுவருக்குள் போகும் முனைகளை மட்டும் உளியால் தட்டிப் பாருங்கள், கறையான் அங்கேதான் நுழையும். சுவரில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வெட்டி, அடியில் மருந்து வைத்து, வேர் செத்தபிறகு சாந்தை நிரப்புங்கள்.

கடலைப் பாத்தபடி, கரையில கட்டலாமோ?

சராசரி உயர்நீர் மட்டத்தில் இருந்து 300 மீற்றர் வரை தரைப்பக்கம் கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி அதற்குள் கட்டட வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சின்னத் தீவில் 300 மீற்றர் என்பது பாதி ஊர். பிரதேச சபை அனுமதி கிடைத்துவிட்டது என்று அத்திவாரம் வெட்டியபிறகு இதைக் கேள்விப்படுகிறவர்கள் அதிகம். அனுமதி கிடைத்தாலும், மேலே சொன்ன கறள் கரையில் இரண்டு மடங்கு. முன்னோர் கரையில் வாடி போட்டார்கள், வீட்டை ஊருக்குள் கட்டினார்கள்.

அமைதிக்காகத்தான் வாறம். அது நிச்சயம்தானே?

நயினாதீவில் ஆனி மாத நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் நல்லூர் வீதியை விடச் சத்தம் கூட. மற்ற நாட்களிலும் யாத்திரிகர் வந்துகொண்டே இருப்பர். உண்மையான அமைதி புங்குடுதீவு, நெடுந்தீவுப் பக்கம். அந்த அமைதிக்குக் காரணம் 1990களின் தொடக்கத்து இடப்பெயர்வில் போன பெரும்பாலானோர் திரும்பி வராததுதான். பூட்டிய வீடுகளும் பற்றைகளும் நடுவே நாலைந்து வீட்டில் விளக்கெரியும். அரைக் கட்டை (அரை மைல்) தூரத்தில் ஒரு கடை. கோவில் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வந்து நிறைந்து, பத்தாம் நாள் வெறிச்சோடும்.

தம்பதியில் ஒருவருக்கு மட்டும் பிடித்த இடமென்றால் நன்றாக யோசியுங்கள். தோட்டம், மாடு, ஆடு, கோவில் வேலை என்று கைக்கு ஏதாவது வேண்டும். வெறுமனே ஓய்வெடுக்க வந்தவர்கள் முதல் மாரியோடு நகரத்தில் அறை தேடுகிறார்கள்.

ரெண்டு இடத்திலயும் வைச்சிருக்கலாமோ?

கைவசம் பணமிருந்தால் வைக்கலாம், ஆனால் பூட்டி வைத்த தீவு வீடு வேகமாகக் கெடும். கறையான், கறள், இறைக்காமல் பாசிபிடித்த கிணறு. மாதம் இருமுறை திறந்து காற்றாட விட்டு, கிணறு இறைத்து, கூரை பார்க்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதைவிட எங்களுக்குப் பிடித்தது நடுவழி. அல்லைப்பிட்டி, மண்டைதீவு, வேலணைக் கிழக்கு, காரைநகர் ஆகிய இடங்களில் கடலும் பனையும் உண்டு, இரவில் நட்சத்திரம் தெரியும். அல்லைப்பிட்டியில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டிப் போதனா வைத்தியசாலைக்கு மோட்டார் சைக்கிளில் கால் மணிதான். தண்ணீரை மட்டும் முன்பு சொன்னபடி அளந்து எடுங்கள். மண்டைதீவில் அது கட்டாயம்.

முடிவெடுக்க முதல் இருந்து பாக்கிறதெண்டா எந்த மாசம் நல்லம்?

தையில் வேண்டாம். அப்போது எல்லாம் பச்சை, கிணறு நிறைவு, காற்று இதம். இரண்டு தடவை போங்கள்: ஆவணி கடைசியில் ஒரு கிழமை, கார்த்திகையில் இரண்டு கிழமை. ஆவணியில் கிணற்றையும் வெக்கையையும் சோழகத்துப் படகையும் பார்க்கலாம். கார்த்திகையில் ஒழுக்கு, நுளம்பு, மின்தடை, படகு நின்ற நாள் எல்லாம் தெரியவரும். விருந்தாளியாக அல்லாமல் வாடகைக்கு ஒரு வீட்டை எடுத்து நீங்களே சமைத்து இருங்கள். அந்த இரண்டு கிழமைக்குள் ஒருமுறையாவது காலையில் வெளிக்கிட்டுப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் இலக்கம் எடுத்து, மருந்து வாங்கி, வங்கிக்குப் போய், அன்றே கடைசிப் படகைப் பிடித்துத் திரும்ப முடிகிறதா என்று செய்து பாருங்கள். வயதானவர் கூட இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். படகில் இருந்து படிக்கட்டுக்குக் கால் வைக்கும் இடத்தில் அவர் தடுமாறுகிறாரா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.